ஜோஷுவா ட்ரீ பாறைகளுக்கு நடுவே முதல் நடை: ஹிடன் வேலி பாதைக்கு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு முதன்முறை போகிறேன், எந்தப் பாதையில் நடக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஹிடன் வேலி. வட்டமாகச் சுற்றி வந்தால் ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. ஏற்றம் சொற்பம். ஐந்தாறு வயதுக் குழந்தையும் நடந்துவிடும். ஆனால் நாலாபக்கமும் வீடு உயரத்துக்கும் மாடி உயரத்துக்கும் எழும்பி நிற்கும் உருண்டைப் பாறைகள் இருக்கின்றனவே, அவற்றைப் போன்ற காட்சியை இவ்வளவு குறைந்த உழைப்பில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு மைல் நடைக்கு இத்தனை நீளமாக எழுத வேண்டுமா என்று தோன்றலாம். பாதை எளிது என்பது உண்மை. பாலைவனம் எளிதல்ல என்பதும் உண்மை. அதைவிட முக்கியமாக, இந்தப் பாறைகள் ஆளைக் கூப்பிடும். பாதையில் நடந்துகொண்டிருப்பவர்கள் ‘சும்மா அந்தக் கல் வரைக்கும்’ என்று விலகுவார்கள். அங்கிருந்து அடுத்த கல், அதற்கும் மேலே இன்னொன்று. இங்கே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தொடங்குவது அங்கேதான். எனவே பாதையைப் பற்றி எழுதுகிற அளவுக்குப் பாறையைப் பற்றியும் எழுதுகிறேன்.

எந்த மாதம், எந்த நேரம்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ் வரை போகும், இரவில் 10 டிகிரிக்கு இறங்கும். குளிர்காலத்தில் பகலில் 15 டிகிரி அளவில் சுகமாக இருக்கும். ஆனால் இரவில் தண்ணீர் உறையும், உயரமான பகுதிகளில் எப்போதாவது பனியும் விழும். கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போயே ஆக வேண்டும் என்றால், சூரியன் எழும்போது நடக்கத் தொடங்கி வெயில் ஏறும் முன் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். இங்கே வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. சூடேறிய பாறைச்சுவர்கள் இரு பக்கமும் அனலை வீசும். ஒரு மைல்தானே என்ற கணக்கு ஆகஸ்ட் மதியத்தில் செல்லாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் இடிமழையும் உண்டு. வறண்டு கிடந்த மணல் ஓடை அப்போது சில நிமிடங்களில் வெள்ளமாகும்.

குளிர்மாதங்களின் சனி, ஞாயிறுகளில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் ஹிடன் வேலி வாகன நிறுத்தம் நிரம்பிவிடும். வாரநாள் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வார இறுதிதான் முடியும் என்றால் விடியற்காலையில் வந்துவிடுங்கள். இடம் கிடைப்பது மட்டுமல்ல காரணம். சாய்ந்த வெயிலில்தான் பாறையின் ஒவ்வொரு விரிசலும் மடிப்பும் தெளிவாகத் தெரியும், கல் தேன்நிறமாக மாறும். நண்பகலில் அதே பாறை வெளிறிப்போய் நிற்கும். மாலை வெயிலும் இதேபோல அழகு, ஆனால் டிசம்பரில் நாலரை மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கிளம்பும் முன்

பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, சாப்பாடு கிடையாது, பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. குடிநீர் பூங்காவின் விளிம்பில் உள்ள சில இடங்களில் மட்டும் கிடைக்கும். ஹிடன் வேலியில் கழிப்பறை உண்டு, குழாய் இல்லை. அதனால் ஜோஷுவா ட்ரீ ஊரிலோ ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரிலோ டேங்கையும் தண்ணீர்க் கேன்களையும் நிரப்பிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்? ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர் வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். கடுமையாக நடந்தால் அதைப்போல இரு மடங்கு. ஹிடன் வேலிச் சுற்றுக்கு ஆளுக்கு ஒரு லிட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மீதியை வண்டியில் வைக்கலாம். குழந்தைகளுக்குத் தனி பாட்டில் கொடுங்கள். அப்போதுதான் யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும். வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பு நீரை இழப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது இரண்டு மடக்கு குடியுங்கள். கூடவே உப்புள்ள தின்பண்டம் ஏதாவது சாப்பிடுங்கள்.

வரைபடத்தை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காச் சேவையின் செயலியில் இந்தப் பூங்காவை இணையம் இல்லாமல் பார்க்கும்படி சேமித்துவைக்க முடியும். நுழைவுக் கட்டணம் வாகனத்துக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். கட்டணம் மாறுவதுண்டு என்பதால் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கேயே வாங்கியும்விடுங்கள். இல்லாவிட்டால் வாயிலில் கொடுக்கக் கார்டு கையில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் உங்களைத் தேடச் சொல்லப்போவது அவர்தான்.

நாய் வளர்ப்பவர்களுக்கு: ஹிடன் வேலி உட்பட ஏறக்குறைய எந்த நடைபாதையிலும் நாய்க்கு அனுமதி இல்லை. வெயிலில் வண்டிக்குள் பூட்டிவைக்கவும் கூடாது. ட்ரோனுக்கும் தடை.

காலும் கையும்

செருப்பு வேண்டாம். கனமான மலையேற்ற பூட்ஸும் தேவையில்லை. நல்ல பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட சாதாரண ஷூ போதும். தொப்பி, வெயில் கண்ணாடி, முழுக்கை மெல்லிய சட்டை, குளிர்மாதமானால் காற்று புகாத ஒரு ஜாக்கெட். பாறை இடுக்குகளில் நிழல் விழும் இடத்தில் காற்று சுருங்கிப் பாயும். வெட்டவெளியில் வியர்த்தவர் அங்கே போனதும் நடுங்குவார்.

இவற்றோடு ஒரு சீப்பு. அகலப் பல் உள்ள சாதாரண சீப்புதான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உள்ளே போகும் வழி

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வருபவர்கள் பொதுவாக 62ஆம் நெடுஞ்சாலையில் ஜோஷுவா ட்ரீ ஊர் வரை வந்து, மேற்கு வாயில் வழியாகப் போவார்கள். வார இறுதிக் காலைகளில் அங்கே வரிசை நீளும். அப்போது ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்கு அருகிலுள்ள வடக்கு வாயிலுக்குப் போவது நல்லது. சற்றுச் சுற்று, ஆனால் நெரிசல் குறைவு. இரண்டு வாயில்களையும் இணைப்பது பார்க் புலிவார்டு என்ற ஒரே சாலை. மேற்கு வாயிலிலிருந்து ஹிடன் வேலிக்குச் சுமார் 20 நிமிடம்.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். ஹிடன் வேலி என்ற பெயரில் சாலையின் ஒரு பக்கம் கூடாரமிட்டுத் தங்கும் முகாம் இருக்கிறது, எதிர்ப்பக்கம் பிக்னிக் இடம் இருக்கிறது. நடைபாதை தொடங்குவது பிக்னிக் இடத்தில். முகாமுக்குள் போய் வண்டி நிறுத்த இடம் தேடாதீர்கள். முகாம் பக்கத்தில் தனியாக எழுந்து நிற்கும் பெரிய பாறைக்கு இன்டர்செக்ஷன் ராக் என்று பெயர். அதன் வாகன நிறுத்தத்தில் அவசரகாலத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

நடை தொடங்குகிறது

பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும். அங்கிருந்து பாறைச்சுவரில் தெரியும் ஓர் இடைவெளியை நோக்கிச் சிறிய ஏற்றம். கல்லில் அமைத்த படிகள் வரும். முழு நடையிலும் மூச்சு வாங்கும் இடம் என்றால் இதுதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மூட்டு வலி உள்ளவர்கள் கைத்தடி வைத்திருந்தால் இங்கே உதவும்.

இந்த இடைவெளியைத் தாண்டியதும் நான்கு பக்கமும் பாறைகள் சூழ்ந்த ஒரு திறந்தவெளி விரியும். வெளியிலிருந்து பார்த்தால் இப்படி ஒரு சமவெளி உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்டுத் திருடர்கள் கடத்திவந்த மாடுகளை இங்கே மறைத்துவைத்தார்கள் என்று கதை உண்டு. பின்னர் 1936இல், இந்தப் பகுதியில் பண்ணை வைத்திருந்த பில் கீஸ் என்பவர் தன் மாடுகளை மேய விடுவதற்காகப் பாறையை வெடிவைத்துப் பிளந்து வழி உண்டாக்கினார். நீங்கள் உள்ளே வந்தது அந்த வழியில்தான். அதே 1936ஆம் ஆண்டில்தான், மினர்வா ஹொய்ட் என்ற பெண்மணியின் நீண்ட முயற்சியின் பலனாக, இந்த நிலம் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவாக உயர்ந்தது 1994இல்.

உள்ளே பாதை இரண்டாகப் பிரியும். எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக்கொண்டு இங்கேயே வந்து சேரும். பாதையின் ஓரங்களில் பல இடங்களில் கல் வரிசையும் சிறு வழிகாட்டிக் கம்பங்களும் இருக்கும். இவற்றை நம்புங்கள், காலடித் தடங்களை நம்பாதீர்கள். மணலில் எல்லாத் திசையிலும் தடங்கள் போகும். பாறை ஏறுபவர்கள், படம் எடுப்பவர்கள், வழி தவறியவர்கள் என்று எல்லாருடைய தடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கல் வரிசையோ கம்பமோ கண்ணில் படாமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டீர்கள் என்றால் நின்று, வந்த வழியே கடைசியாகப் பார்த்த கம்பத்துக்குத் திரும்புங்கள். குறுக்கே வெட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே ஒவ்வொரு பாறைக்குவியலும் அடுத்ததைப் போலவே இருக்கும்.

இப்போது கொஞ்சம் குனிந்து, காலடியில் கிடக்கும் பொடிக்கல்லில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிபோல மங்கலாக மின்னும் சாம்பல் மணி குவார்ட்ஸ். பால்வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ முனை உள்ள துண்டு ஃபெல்ட்ஸ்பார். கறுப்புத் துணுக்கு மைக்கா. பிறகு பக்கத்துப் பாறையை உற்றுப் பாருங்கள். அதே மூன்றும் அங்கே இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் மிதித்து நடப்பது மணலல்ல, உதிர்ந்த பாறை. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். இங்கிருந்து கல் எடுத்துப்போகக் கூடாது.

இந்தப் பாறைக்கு மான்சோகிரானைட் என்று பெயர். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமிக்கு அடியில், அதைவிடப் பழைய நைஸ் என்ற பாறைக்குள் உருகிய குழம்பு நுழைந்து மெல்ல ஆறி இறுகியது. மேலே இருந்த பாரம் அரிப்பில் குறையக் குறைய, அடியிலிருந்த பாறை கிடைமட்டமாக வெடித்தது. வேறு அழுத்தங்களால் செங்குத்தாகவும் விரிசல்கள் விழுந்தன. ஒரு பாளத்தைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் வெட்டியதுபோல முழுப் பாறையும் கட்டிகளாகப் பிரிந்தது. அப்போது இந்த இடம் பாலைவனமல்ல, ஈரமான நிலம். விரிசல் வழியே இறங்கிய நிலத்தடி நீர், மண்ணுக்கு அடியிலேயே கல்லின் மணிகளைக் களிமண்ணாக்கியது. கட்டியின் மூலைகளை நீர் பல பக்கங்களிலிருந்து தாக்கியதால் மூலைகள் முதலில் கரைந்தன, கட்டிகள் உருண்டன. பிறகு காலநிலை வறண்டு, வெள்ளங்கள் வந்து மேல்மண்ணை அடித்துப்போனபோது, உருண்ட கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து வெளியே வந்தன.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். ‘இவ்வளவு பெரிய கல்லை யார் தூக்கி மேலே வைத்தார்கள்’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. யாரும் வைக்கவில்லை, சுற்றி இருந்ததுதான் போய்விட்டது. மேல்கல்லின் விரிசல் கோடு கீழ்க்கல்லில் அதே சாய்வில் தொடர்வதைப் பல இடங்களில் கண்டுபிடிக்கலாம். சில சுவர்களில் வெளிறிய பட்டை ஒன்று நாடா கட்டியதுபோல ஓடும். விரிசலுக்குள் பின்னால் புகுந்து இறுகிய பாறைக்குழம்பு அது.

பாறைகள் இங்கே செடிகளுக்கும் துணை. மழை பெய்தால் சுவர்களில் வழியும் நீர் அடிவாரத்தில் சேரும், நிழல் அதை உலரவிடாது. அதனால்தான் வெளியே காணாத அளவுக்கு இங்கே பின்யன் பைன், ஜுனிப்பர், குட்டை ஓக் எல்லாம் வளர்கின்றன. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரம் பார்க்க மரமாக இருந்தாலும், கூரிய இலைகள் கொண்ட யூக்கா என்ற செடி இனம். உள்ளே ஆண்டு வளையங்கள் கிடையாது. அதன் உறவான மொஹாவி யூக்காவின் இலைமுனை ஊசிபோல இருக்கும், அதுவும் சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில். சின்னவர்களைப் பாதையின் நடுவில் நடக்கவிடுங்கள்.

நடந்துகொண்டே சுவர்களை அண்ணாந்து பாருங்கள். கயிறு கட்டி ஏறுபவர்கள் பெரும்பாலும் தென்படுவார்கள். அவர்கள் ஏறும் இடத்துக்கு நேர் அடியில் நிற்காதீர்கள். எதுவும் கீழே விழலாம்.

வேகமாக நடந்தால் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

பாறையில் ஏற ஆசை வந்தால்

வரும். தாழ்வான பாறைகளில் ஏறத் தடையும் இல்லை, குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். ஆனால் சில விஷயங்களைப் புரிந்துகொண்டு ஏறுங்கள்.

முதலாவது, ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஏறும்போது கை வைக்கும் இடம் கண்முன் இருக்கும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. அதனால் ஒவ்வோர் அடி ஏறும் முன்பும் ‘இதில் இறங்க முடியுமா’ என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உடனே, அங்கேயே, ஓர் அடி இறங்கிப் பார்த்துவிடுங்கள். மேலே போய் மாட்டிக்கொண்டு மீட்புக் குழுவுக்குக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வலிமை இல்லாதவர்கள் அல்ல. இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்.

இரண்டாவது, பாறையின் பிடி. இது சொரசொரப்பான கல். சுத்தமான சரிவில் ஷூ நன்றாகப் பிடிக்கும். குதிகாலைத் தூக்காமல் பாதம் முழுவதையும் பதித்து, உடம்பை நேராக வைத்து நடந்தால் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரிவில் நிற்கலாம். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டு குனிந்தால்தான் கால் சறுக்கும். ஆனால் அதே பாறையின்மேல் உதிர்ந்த பொடிக்கல் கிடந்தால் காலடியில் உருண்டு வழுக்கிவிடும். காலால் தள்ளிவிட்டு மிதியுங்கள். மழையில் நனைந்த பாறையில் ஏறவே வேண்டாம். உரிந்து நிற்கும் மெல்லிய சில்லுகளைப் பிடித்துத் தொங்காதீர்கள், அவை கையோடு வந்துவிடும்.

மூன்றாவது, இரண்டு கை இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். பாறையிலிருந்து பாறைக்குத் தாவாதீர்கள். இடைவெளி சின்னதாகத் தெரியும், விழுந்தால் அதன் ஆழம் இரண்டு ஆள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கைவிடாதீர்கள். வெயில் நேரத்தில் பாம்புகள் ஒதுங்குவது அங்கேதான்.

குழந்தைகளோடு போகும்போது நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: கீழே நிற்கும் பெரியவரின் கைக்கு எட்டும் உயரம். அதற்கு மேல் வேண்டாம்.

கள்ளி, பாம்பு, தேனீ

சீப்புக்கு வருவோம். சோய்யா என்ற கள்ளியின் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று, ஆடையிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண்செதில்கள் இருப்பதால் கையால் பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் குத்தும். சீப்பின் பற்களைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து, ஆட்களில்லாத பக்கமாக ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். மிச்ச முட்களை ட்வீசரால் எடுக்கலாம்.

கிலுகிலுப்பைப் பாம்பு கண்ணில் பட்டால், சத்தம் கேட்டால், நின்று பின்வாங்குங்கள். அதற்கு வழிவிட்டால் அதுவும் விலகிவிடும். வறண்ட வெப்ப மாதங்களில் தேனீக்கள் ஈரம் தேடி வரும். குளிர்பானம், வியர்வை, வண்டியின் ஏசியிலிருந்து சொட்டும் நீர் எல்லாம் அவற்றை இழுக்கும். பாட்டிலை மூடியே வையுங்கள், வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்து இல்லாமல் வரக் கூடாது.

பாலைவன ஆமை தென்பட்டால் தூரத்திலிருந்து ரசியுங்கள். தூக்கினால் பயத்தில் சிறுநீரை விட்டுவிடும். அது உடம்பில் சேமித்துவைத்திருந்த தண்ணீர். வறட்சிக் காலத்தில் அந்த இழப்பு அதன் உயிரையே பறிக்கலாம்.

தெம்பு மிச்சமிருந்தால்

ஹிடன் வேலிக்குப் பக்கத்திலேயே பார்க்கர் டேம் இருக்கிறது. 1.1 மைல் சுற்று, அதே அளவு எளிது. 1900ஐ ஒட்டி மாடு வளர்ப்பவர்கள் கட்டிய சிறு அணை அது. பின்னர் பில் கீஸ் உயர்த்திக் கட்டினார். மழைக்குப் பிறகு நீர் நிற்கும், மற்ற நாட்களில் வெறும் தரை. வழியில் பழங்குடி மக்களின் பாறைச் செதுக்கல்கள் வரும். பிற்காலத்தில் யாரோ அவற்றின்மேல் வண்ணம் பூசிக் கெடுத்திருக்கிறார்கள். பார்க்க நெஞ்சு கனக்கிறது. தொடாதீர்கள்.

பார்க் புலிவார்டில் கிழக்கே போய் ஜம்போ ராக்ஸ் முகாமைத் தாண்டினால் சாலையோரத்திலேயே ஸ்கல் ராக். மண்டையோட்டின் கண்குழிகள்போலத் தெரிபவை, சிறு பள்ளங்களில் மழைநீர் தேங்கி, கல்லை அரித்து, பள்ளம் பெரிதாகப் பெரிதாக இன்னும் நீர் தேங்கி உண்டானவை. எல்லாரும் அதன்முன் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தொடங்கும் 1.7 மைல் சுற்றில் நடப்பவர் குறைவு. எனக்கு அந்த மண்டையோட்டைவிட இந்தச் சுற்று பிடிக்கும். ட்வின் டேங்க்ஸ் வாகன நிறுத்தத்திலிருந்து ஆர்ச் ராக்குக்குப் போய்வர 1.4 மைல். சக்கர நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ வருபவர்களுக்கு கேப் ராக்கைச் சுற்றி 0.4 மைல் சமதளப் பாதை இருக்கிறது.

ஒரு நாளில் இரண்டு போதும். நான்கையும் ஓடி ஓடி முடித்தால் எதுவும் மனதில் நிற்காது.

ஏதாவது ஆகிவிட்டால்

தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல், தள்ளாட்டம் இவை வெப்பம் தாக்கத் தொடங்கியதன் அறிகுறி. நடையை நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, சட்டையையும் கழுத்தையும் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கு ஆபத்து, உடனே 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் முன்பு சொன்ன இன்டர்செக்ஷன் ராக் தொலைபேசிக்கு ஒருவர் போகட்டும், மற்றவர் கூடவே இருக்கட்டும்.

வழி தவறிவிட்டது என்று தெரிந்தால் அலையாமல் நிழலுள்ள, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் இருங்கள். விசில் இருந்தால் மூன்று மூன்றாக ஊதுங்கள். பாறைகளுக்கு நடுவே மனிதக் குரல் எதிரொலித்துத் திசை குழம்பும், விசில் தூரம் போகும். கையிலுள்ள தண்ணீரில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்ற விதியை எந்த நடையிலும் விடாதீர்கள்.

குப்பை எல்லாம் உங்களோடு வரட்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட. இந்த வறட்சியில் தோல் மக்க வெகுகாலமாகும். வண்டியைக் கிளப்பும் முன் ஒருமுறை குனிந்து அடியில் பாருங்கள். நிழலுக்காக ஆமை ஒதுங்கியிருக்கலாம்; இருந்தால் அது தானாக நகரும்வரை காத்திருங்கள்.